ஆறு பெண்கள், ஒரு வாழைத்தோட்டம்

ஆள் கிடைக்காத காலத்தில் சிறு விவசாயிகள் தங்கள் உழைப்பை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் விளைச்சல் கூடுமா? கேரளத்துப் பெண்களின் வெற்றி, தெலங்கானாவின் தடுமாற்றம், சீனத்தின் பெருந்துயரம் ஆகியவற்றை வைத்து ஒரு விசாரணை.

திருச்சூர் வட்டாரத்திலே, கர்க்கடக மாதத்து மழை சற்றே ஓய்ந்த ஒரு காலை வேளையில், முந்தின இரவு அடித்த காற்றில் சாய்ந்துவிட்ட நேந்திர வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தபடி, முழங்கால்வரை சேறு படிந்த பெண்கள் ஆறு பேர் வரிசை வரிசையாக நகர்ந்து செல்லும் காட்சியைக் காண்கிற வழிப்போக்கர், அவர்களைக் கூலிக்கு வந்தவர்கள் என்றே எண்ணிக்கொண்டு போய்விடுவார். ஒருத்தி தாரின் கனத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு மரத்தை நிமிர்த்துகிறாள்; இன்னொருத்தி கவையுள்ள கழியைத் தாரின் காம்புக்குக் கீழே செருகுகிறாள்; மூன்றாமவள் கயிற்றை இழுத்துக் கட்டுகிறாள். தனி ஒருவரால் ஆகிற காரியமன்று இது. நிமிர்த்துகிறவள் கையை விட்டால் முட்டு நிற்காது. முட்டு நிற்காவிட்டால் பத்து மாதத்துப் பாடு ஓணச் சந்தைக்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணில் கிடக்கும்.

வேலியோரம், மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. இடப்புறம் பெயர்கள், மேலே தேதிகள், நடுவே வந்தவர்களுக்கு ஒரு கோடு. வராதவளுடைய கட்டத்திலே, அவளுக்குப் பதிலாக அவள் நாத்தனார் வந்தாள் என்பதோ, அன்றைய கூலி அவள் பங்கிலிருந்து கழிக்கப்படும் என்பதோ பென்சிலால் குறித்திருக்கும். அந்த நிலம் அவர்களில் எவருக்கும் சொந்தமன்று, குத்தகைக்கு எடுத்தது. முதல், உழைப்பு, நஷ்டம், லாபம் எல்லாம் ஆறு பேருக்கும் பொது.

இத்தகைய குழுக்கள் கேரளத்தில் ஒன்றிரண்டல்ல, அறுபதாயிரத்தைத் தாண்டியவை. நம் ஊர் டீக்கடைகளிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் ஆள் இல்லை, ஆள் இல்லை என்கிற புலம்பல் ஓயாமல் கேட்கும் இந்நாளில், அண்டை மாநிலத்துப் பெண்கள் ஆட்பஞ்சத்தை எப்படிச் சமாளித்தார்கள், அதனால் விளைச்சல் மெய்யாகவே பெருகிற்றா, பெருகிற்றென்றால் எதனால் என்பதையெல்லாம் நாம் ஆராயாமல் விடுவது நியாயமாகாது.

■ பெட்டிச் செய்தி: துண்டு துண்டாய் நிலம்

2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், கேரளத்தில் வெறும் 0.18 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கருக்கும் குறைவு. நாட்டிலுள்ள சாகுபடியாளர்களில் நூற்றுக்கு 86 பேர் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகள்.

நாற்று காத்திருக்காது

உழைப்பைச் சேர்த்துக்கொண்டால் வேலை குறையும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அது சரியான அபிப்பிராயம் அன்று. ஒரு ஏக்கர் நெல் நடவுக்குச் சுமார் பன்னிரண்டு பெண்கள் ஒரு நாள் முழுவதும் குனிந்து நிற்க வேண்டும். ஆளுக்கொரு ஏக்கரும், வீட்டுக்கு இரண்டு பெண்களுமாக ஐந்து குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே நட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு நாள் பிடிக்கும். பத்துப் பெண்களும் சேர்ந்து வயல் வயலாக நட்டுக்கொண்டு போனாலும் ஐந்து ஏக்கரும் முடிய அதே ஆறு நாள்தான் ஆகும். ஒரு நாள் உழைப்புக்கூட மிச்சமில்லை.

மிச்சமாவது காலம். குறுகிய காலப் பயிருக்கு நாற்று இருபத்தைந்து நாளைத் தாண்டினால் தூர் கட்டுவது குறையும். ஒற்றை நாற்று முறையிலோ பதினான்கு, பதினைந்து நாளிலேயே பிடுங்கியாக வேண்டும். இரண்டு பெண்கள் மட்டும் நடும் வயலிலே முதல் நாள் நட்ட மூலைக்கும் ஆறாம் நாள் நட்ட மூலைக்கும் நாற்றின் வயது வேறு, பச்சை கட்டுகிற நாள் வேறு, களை கிளம்புகிற நாள் வேறு. தண்ணீர் கட்டுவதும் உரம் இடுவதும் ஒரு மூலைக்குப் பொருந்தி மறு மூலைக்குப் பொருந்தாமல் போகும். சேர்ந்து நடுகிறவர்களோ, நாற்றங்காலையே ஒரு நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக விட்டுக்கொண்டு, அவரவர் நாற்று பக்குவத்துக்கு வருகிற அன்றைக்கே அவரவர் வயலை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். செலவான உழைப்பு அதே அளவு. அது விழுந்த நாள் சரியான நாள் என்பதால் மகசூலில் வித்தியாசம் ஏற்படுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. கூலிக்கு ஆள் விட்டவன் வரப்பிலே நின்று பார்வையிட வேண்டும். அவன் முதுகைத் திருப்பினால் நடவு கலக்கமாகிவிடும். இன்று என் வயலில் ஏனோதானோவென்று நட்டவளுடைய வயலில் நாளை மறுநாள் நான் குனிந்தாக வேண்டும் என்ற நிலைமை இருக்கும்போது, மேற்பார்வை என்கிற செலவே தேவையற்றுப் போகிறது. அயல்வீட்டாரின் கண் என்பது கங்காணியின் கண்ணைவிடக் கூர்மையானது. அதற்குச் சம்பளமும் இல்லை.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் பிறவியிலேயே இருக்கிறது. முதலில் யாருடைய வயல், கடைசியில் யாருடைய வயல்? மழை குறுக்கிட்டு வேலை நின்றால் கடைசிக்காரரின் நாற்று முற்றிப்போகும். எனவே, சென்ற ஆண்டு கடைசியில் நின்றவருக்கு இவ்வாண்டு முதலிடம் என்பதுபோன்ற முறையை விதிக்காத கூட்டுகள் இரண்டாம் போகத்துக்குள் உடைந்துவிடுகின்றன.

பழைய வழக்கமும் அதன் வேலியும்

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு உழைக்கும் வழக்கம் உலகில் பரவலானது. நேபாள மலைச்சரிவுகளில் அதற்குப் பர்மா என்று பெயர், கொரியாவில் பூமாசி, பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் ஐனி, இலங்கையின் சிங்களக் கிராமங்களில் அத்தம். கொரியாவில் மாடில்லாதவன் ஒரு நாள் மாட்டுழைப்புக்கு ஈடாகத் தன் உடலுழைப்பைச் சில நாள் திருப்பித் தரலாம் என்ற கணக்கெல்லாம் இருந்தது. நம் மானாவாரிப் புஞ்சைகளிலும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலும், கடலை பறிப்பு, சோளம் அறுப்பு போன்ற வேலைகளுக்கு உறவு முறையார் மாறி மாறிப் போய்வந்ததை வயது முதிர்ந்தோர் பலரும் அறிவர்.

இவ்விடத்தில் நம் பெரியோர்களின் ஒற்றுமையை வியந்து ஒரு பெருமூச்சு விடுவது கட்டுரையாளர்களின் மரபு. அந்த மரபைப் பின்பற்ற எனக்கு மனமில்லை. இந்தப் பரஸ்பர உதவி சமானமானவர்களுக்குள் மட்டுமே நடந்த உதவி: ஏறக்குறைய ஒரே அளவு நிலம், பெரும்பாலும் ஒரே ஜாதி, ஒரே தெரு. நிலமில்லாதவனுக்குத் திருப்பித் தர வயல் ஏது, வாங்கிக்கொள்ளத்தான் வயல் ஏது? மலைச்சரிவில் ஒவ்வொரு படியிலும் பயிர்ப் பருவம் சற்று முன்பின்னாக வருவதால் ஆட்களை மாற்றிக்கொள்ள இடமுண்டு. ஆற்றில் தண்ணீர் வந்த ஒரே வாரத்தில் எல்லா வயலும் நடவு கேட்கிற காவிரிப் படுகையிலோ அதற்கு இடம் குறைவு. அங்கே நிலம் சிலர் கையிலும் உழைப்பு பலர் உடம்பிலும் பிரிந்து கிடந்தது. பண்ணையாட்களைக் காப்பதற்கென்றே 1952இல் ராஜாஜி அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, தஞ்சையில் உழைப்பு எந்த முறையில் பெறப்பட்டு வந்தது என்பது விளங்கும்.

கேரளம் காட்டிய கணக்கு

குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் ஸ்தாபனம் 1998 மே மாதம் மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாயி அவர்களால் தொடங்கிவைக்கப்பட்டது. பத்து முதல் இருபது பெண்கள் கூடும் அயல்கூட்டம் அதன் அடிப்படை. சிறுசேமிப்பில் ஆரம்பித்த அக்கூட்டங்களிலிருந்து நான்கு முதல் பத்துப் பேர் வரை பிரிந்து, தாமாகவே கூட்டாளிகளைத் தேர்ந்துகொண்டு, தரிசாகக் கிடந்த நிலங்களைக் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்யலாயினர். அதற்குச் சங்கக் கிருஷி என்று பெயர். விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கூட்டுப் பொறுப்புக் குழு முறையில் வங்கிக் கடனும், அரசாங்கத்தின் வட்டிச் சலுகையும், பஞ்சாயத்தின் ஒத்தாசையும் அதற்குக் கிடைத்தன.

இவற்றின் பலனைத் துதிபாடிகளின் வாயிலிருந்து கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களில் குழுப் பண்ணைகளையும், பெரும்பாலும் ஆண்களால் நடத்தப்படும் தனிக் குடும்பப் பண்ணைகளையும் எடுத்துக்கொண்டு, ஓராண்டு முழுதும் ஒவ்வொரு பயிருக்கும் இட்ட முதலையும் எடுத்த விளைவையும் பதிந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார். நிலமில்லாத, விவசாயத்தில் முன்பு தீர்மானம் எடுக்கும் உரிமையே இல்லாத பெண்கள், சொந்த நிலமும் தலைமுறை அனுபவமும் உள்ள ஆண்களைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள்.

■ பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

கேரளத்தில் குழுப் பண்ணைகளின் ஒரு ஹெக்டேருக்கான ஆண்டு விளைவு மதிப்பு, தனிப் பண்ணைகளுடையதைப்போல் 1.8 மடங்கு. ஒரு பண்ணைக்குக் கிடைத்த நிகர வருவாய் சராசரியில் சுமார் 5 மடங்கு. வாழையிலும் காய்கறியிலும் குழுக்கள் ஓங்கி நின்றன; நெல்லில் அந்த ஏற்றம் தென்படவில்லை.

நெல்லில் ஏன் தென்படவில்லை என்பதே இந்தக் கணக்கில் மிகச் சுவாரஸ்யமான பகுதி என்பது என் அபிப்பிராயம். நெல்லுக்கு நல்ல நிலத்தைச் சொந்தக்காரர் தாமே வைத்துக்கொள்கிறார். குத்தகைக்கு வருவது மேடும் பள்ளமுமான மிச்சம். மண்ணின் குணம் தீர்மானிக்கிற பயிரிலே உழைப்பின் ஒற்றுமை அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. வாழையும் பாகலும் புடலும் பயறும் வேறு ரகம். பந்தல் போடுவது, கொடியை ஏற்றிவிடுவது, பூச்சி விழுந்த இலையைத் தினமும் பார்த்துக் கிள்ளுவது, பக்கக் கன்றை அறுப்பது, முட்டுக் கொடுப்பது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்புவது என்று ஆண்டு முழுதும் சிரத்தையைக் கேட்பவை அவை. கூலி ஆளிடம் விலைக்கு வாங்க முடியாத சரக்கு சிரத்தை. பங்காளிப் பெண்களிடம் அது இருந்தது.

சந்தையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஓணத்துக்கு நேந்திரங்காய் உப்பேரி இல்லாத வீடு கேரளத்தில் இராது. அந்த ஒரு பண்டிகையைக் குறிவைத்து, முந்தின ஆண்டே கன்றை ஊன்றி, தாரை நாள் தப்பாமல் இறக்குகிறவர்களுக்கு விலை கிடைக்கிறது. குழுவில் ஒருத்திக்குச் சந்தை தெரிகிறது, ஒருத்திக்கு வங்கி தெரிகிறது, ஒருத்தியின் அண்ணனுக்குத் தரிசு நிலம் வைத்திருக்கும் முதலாளியைத் தெரிகிறது. பல ஜாதி, பல சமயப் பெண்கள் கலந்த குழுக்களுக்கு நிலம் எளிதில் கிட்டிற்று என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரே தெருவில் அடங்கிய பழைய பரஸ்பர உதவியின் வேலியை இந்தப் பெண்கள் தாண்டியதற்கு, சமரச ஞானத்தைவிட நிலம் தேடவேண்டிய நிர்ப்பந்தமே அதிகக் காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவானால் என்ன, பலன் நல்லது.

சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது

இந்த வெற்றிக்கு அடியிலே ஒரு விபரீதம் இருக்கிறது. 1970 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தத்தால், பெருநிலக்காரர்களின் பிடியிலிருந்து குத்தகைதாரர்களை விடுவித்த கேரளம், இனிமேல் புதிதாக எவரும் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது என்றும் விதித்தது. ஆகவே, இன்றைக்கு ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் செய்கிற குத்தகைச் சாகுபடி பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடக்கிற காரியம். ஏழைக்கு நிலம் தரப் பிறந்த சட்டத்தின் எழுத்துக்கு விரோதமாகவே ஏழை பிழைக்க வேண்டியிருக்கிறது.

அதன் விளைவு வயலில் பிரத்தியட்சமாகத் தெரியும். அடுத்த ஆண்டு இந்த நிலம் நமக்கு உண்டோ இல்லையோ என்கிறபோது, மண்ணை வளப்படுத்த எவளுக்கு மனம் வரும்? குழுக்கள் ஓராண்டுக்குள் முடிகிற பயிர்களையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். கல்லும் முள்ளுமாகக் கிடந்ததைத் திருத்திப் பசுமையாக்கிய மறு வருஷமே, நிலம் நன்றாயிருக்கிறதே என்று சொந்தக்காரர் தாமே எடுத்துக்கொண்டால், கேட்க நாதியில்லை.

இருபது பேர் கூடினால்

உழைப்பைச் சேர்த்தால் போதும், விளைச்சல் தானே பெருகும் என்று எண்ணுகிறவர்கள் தெலங்கானாவைப் பார்க்க வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2001இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அங்கும் பெண்களின் கூட்டுச் சாகுபடி ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு குழுவிலும் இருபது பேருக்கு மேல். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கிடைத்த நிலமோ மழையை நம்பிய, வளம் குறைந்த நிலம். அதே அறிஞர் அதே முறையில் அங்கும் கணக்கெடுத்தார். ஹெக்டேருக்கு விளைந்த மதிப்பில் குழுக்கள் தனிப் பண்ணைகளுக்கு வெகுவாகப் பின்தங்கியே நின்றன. ஆயினும், கூலிக்கென்று காசு கொடுத்து ஆள் வைக்காமல் தாங்களே உழைத்த காரணத்தால், செலவு போக மிஞ்சிய நிகர வருவாயில் ஏறத்தாழச் சமமாக வந்துவிட்டன.

இருபது பேர் ஒரு சிறு புஞ்சையில் இறங்கினால், எவள் எத்தனை செடி களைந்தாள் என்பதை எந்த நோட்டுப் புத்தகம் காட்டும்? ஆறு பேரில் ஒருத்தி வராவிட்டால் இடம் காலியாகத் தெரியும்; இருபது பேரில் ஒருத்தி வராவிட்டால் தெரியாது; அவள் வரவில்லை என்பது தெரியாத மற்றொருத்தியும் மறுநாள் வரமாட்டாள். இவ்வளவுக்கும் மேலே, பாசனம் இல்லாத நிலத்தில் எத்தனை கை சேர்ந்தாலும் மழைக்கு முன்னே ஒன்றும் நடக்காது. அரசாங்க உதவி சில ஆண்டுகளில் நின்றுபோன பின்பும் பல குழுக்கள் கலையாமல் தொடர்ந்தன என்பதை நினைக்கும்போது, அந்தப் பெண்களுக்கு வேறு கதி இல்லையோ, அல்லது விளைச்சல் கணக்கில் வராத வேறு ஏதோ ஆறுதல் அங்கே கிடைத்ததோ என்று தோன்றுகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

விலக முடியாத கூட்டு

இவற்றையெல்லாம்விட உக்கிரமான பாடம் சீனத்தில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் நான்கைந்து குடும்பங்கள் மாடும் ஆளும் மாற்றிக்கொண்டு உழுத பரஸ்பர உதவிக் குழுக்கள் அங்கே பெருகின. பின்னர் இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட கூட்டுறவுகள் ஏற்பட்டன. அவற்றிலும் சேருவதும் விலகுவதும் அவரவர் இஷ்டம். அதுவரை விளைச்சல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 1958இல் சராசரி ஐயாயிரம் குடும்பங்களை ஒரே கம்யூனாகத் திரட்டினார்கள்; விலகும் உரிமை பறிபோயிற்று. அவ்வாண்டு 20 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி, 1960இல் 14 கோடியே 35 லட்சம் டன்னாக விழுந்தது. கோடிக்கணக்கானோர் பசியால் மாண்டனர்.

ஜஸ்டின் லின் என்ற சீனப் பொருளாதார அறிஞர் 1990இல் ஒரு விளக்கம் தந்தார். கூட்டிலே ஒருவன் சோம்பினால், மற்றவர்கள் கூட்டை விட்டு விலகிவிடுவார்கள் என்கிற பயம்தான் அவனை ஒழுங்காக உழைக்கவைக்கிறது. விலக வழியில்லாத கூட்டில் அந்தப் பயம் இல்லை. ஆகவே எல்லாரும் சோம்புவார்கள் என்பது அவர் வாதம். பஞ்சத்துக்கு மேலிடத்தின் பொய்க் கணக்கும், மிதமிஞ்சிய தானிய வசூலும் காரணம் என்று மறுப்பவர்கள் உண்டு; அவர்கள் மறுப்பிலும் சாரம் இருக்கிறது. எனினும், கூட்டாளிகளின் நேர்மைக்குக் காவல் வெளியேறும் கதவுதான் என்ற லின்னின் கருத்தை ஆறு பெண்களின் தோட்டமும் ஆமோதிக்கிறது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் இந்தப் பேச்சு அடிபட்டது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையைக் கொள்கையாக ஏற்றபோது, பின்னாளில் பிரதமரான சரண் சிங் அம்மாநாட்டிலேயே எதிர்த்தார். ராஜாஜி அவ்வாண்டிலேயே சுதந்திராக் கட்சியைத் தொடங்குவதற்கு அத்தீர்மானம் ஒரு முக்கிய தூண்டுகோல். சின்னஞ்சிறு விவசாயியின் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் முழங்க, தீர்மானம் காகிதத்தோடு நின்றது. அந்தக் கலவரத்தின் ஒரு தீங்கு என்னவென்றால், சேர்ந்து உழைப்பதென்றாலே நிலத்தைப் பறிகொடுப்பது என்ற பீதி நம் கிராமங்களில் நெடுநாள் தங்கிவிட்டது.

நம் பக்கம்

தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கிற்று. இருபது விவசாயிகள் ஓர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்து நூறு பேர் கொண்ட ஓர் உற்பத்தியாளர் குழு. அதற்கு இயந்திரங்கள் வாங்க ஐந்து லட்சம் ரூபாய். இடுபொருளைச் சேர்ந்து வாங்கவும், விளைபொருளைச் சேர்ந்து விற்கவும், டிராக்டரைப் பொதுவில் வைத்துக்கொள்ளவும் நூறு பேர் என்பது தோதான எண்ணிக்கை. ஆனால் வேலை அவரவர் வயலில், அவரவர் கூலியாளைக் கொண்டே நடக்கிறது. அறுவடை இயந்திரம் அறுப்பு வேலையை எடுத்துக்கொண்டது. நடவுக்கோ, மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வரும் குழுக்கள் ஏக்கருக்கு இன்ன தொகை என்று பேசி நட்டுக் கொடுக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த வெளியூர்க் குழுக்களின் பலமும் அதே சேர்ந்த உழைப்புத்தான்; வயல் மட்டும் அவர்களுடையதன்று.

டெல்டாவின் பெருவாரி நெல் வயலுக்கு இனி இயந்திரமும் ஒப்பந்தக் குழுவும்தான் என்று ஒப்புக்கொள்ளலாம். திண்டுக்கல், தேனி, கிருஷ்ணகிரி போன்ற காய்கறி, பூ விளையும் வட்டாரங்களின் சங்கதி அப்படியன்று. விடியற்காலையில் மல்லிகை மொட்டைப் பறிக்கும் இயந்திரம் இன்னும் பிறக்கவில்லை. தக்காளிக்குக் குச்சி கட்டும் இயந்திரமும் பிறக்கவில்லை. நான்கு முதல் பத்துப் பேர் வரை பரஸ்பர ஜாமீனில் கடன் வாங்கும் நபார்டு முறை கேரளத்துக்கு மட்டும் உரியதன்று, இங்கேயும் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. குறைவது நிலம். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிரிடுகிற பெண்கள், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், வெள்ள நிவாரணம் கேட்டாலும், முதலில் நீட்ட வேண்டியது சிட்டாவும் அடங்கலும். சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது, குத்தகையை எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்கிற அச்சத்தில் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. குத்தகையைச் சட்டபூர்வமாக்கி, சொந்தக்காரரின் உரிமையையும் காக்கும் மாதிரிச் சட்டம் ஒன்றை நிதி ஆயோக் 2016இலேயே தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. ஊராட்சி நடுவில் நின்று, தரிசு நிலத்துக்காரருக்கும் ஆறு பெண்களுக்கும் மூன்று ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதற்கு, அதிலிருந்து ஓரிரு பிரிவுகளை எடுத்துக்கொண்டாலே போதும்.